கல்லும் கிராவலுமான ஊரில் பொக்லைன் ஓட்டக் கற்பது

டெல்டா வண்டலில் வண்டி பழகியவருக்கு மண் சொன்னபடி கேட்கும். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலும் அப்படியில்லை. மேலே இரண்டு மூன்றடி செம்மண், அதற்கடியில் கிராவல், அதற்கும் கீழே பாறை. சில காட்டில் மண்ணே இல்லாமல் நேராகப் பாறைதான். வீட்டு அஸ்திவாரம், பண்ணைக்குட்டை, குழாய்ப் பள்ளம் என்று எதற்குப் போனாலும் அரை நாளுக்குள் பக்கெட் பல் கல்லில் உரசும் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் லீவரைத் தளர்த்துகிறவரா, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம் என்கிறவரா என்பதை வைத்துத்தான் இந்தப் பக்கத்து வண்டி ஓனர்கள் ஆளை எடை போடுகிறார்கள்.

ஊர்ப் பேச்சில் மஞ்சள் டயர் வண்டி எல்லாமே ஜேசிபி, செயின் வண்டி எல்லாமே ஹிட்டாச்சி. எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும் சரி. இங்கேயும் அப்படியே எழுதுகிறோம். பொக்லைன் என்பது இரண்டுக்கும் பொதுப் பெயர். ஜேசிபியில் முன்னால் லோடர், பின்னால் தோண்டும் கை. 3டிஎக்ஸ் ரகம் ஏறத்தாழ ஏழரை டன். லோடர் பக்கெட் சுமார் 1.1 கன மீட்டர் அள்ளும், பின் பக்கெட் கால் கன மீட்டர்தான். ஹிட்டாச்சியில் அதிகம் ஓடுவது 20 டன் வகை, பக்கெட் ஒரு கன மீட்டருக்குச் சற்று முன்பின்.

ஹெல்பராக முதல் ஆறு மாதம்

இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலானோர் வரும் வழி ஹெல்பர் வேலைதான். கிரீஸ் அடிப்பது, டீசல் ஊற்றுவது, டிப்பருக்குக் கை காட்டுவது. லீவரைத் தொட விட மாட்டார்கள் என்று இந்தக் காலத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. வண்டியைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் பிறகு கிடைக்காது.

காலையில் என்ஜினைத் தொடுமுன் செய்ய வேண்டியவை: சமதளத்தில் நிற்கிறதா என்று பார்த்து டிப் ஸ்டிக்கில் என்ஜின் ஆயில் அளவு, கூலண்ட் (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்), ஹைட்ராலிக் டேங்கின் கண்ணாடியில் ஆயில் மட்டம், அதுவும் அந்த வண்டியின் கையேட்டில் காட்டியபடி பூமையும் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) ஆர்மையும் (அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் சிறிய கை) நிறுத்தி, டீசல் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, பக்கெட் பல்லின் பின் கழன்றிருக்கிறதா, செயின் தொங்கல் எவ்வளவு, கீழே மண்ணில் ஆயில் சொட்டிய கறை இருக்கிறதா. ஹோஸில் கசிவு சந்தேகம் வந்தால் கையால் தடவக் கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னக் காயம். அன்றைக்கே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் பட்டால் தெரிந்துவிடும்.

இங்கத்தி வண்டிகளை முதலில் கொல்வது புழுதி. ஏர் ஃபில்டரை வெளியிலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அப்படி அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பக்கெட் பின்களுக்குத் தினமும் கிரீஸ். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிப்பது கணக்கு.

ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் ஐட்லிங். நிறுத்துமுன்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம். டர்போ சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பினால் அதன் பேரிங்குக்கு ஆயில் போவது நின்றுவிடும்.

லைசென்சும் காகிதமும்

டயர் வண்டி ரோட்டில் ஓடுவது. சட்டத்தில் அதற்குக் கட்டுமான இயந்திர வாகனம் என்று பெயர். ரோட்டில் அதன் வேகம் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வரையறையே இருக்கிறது. ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வயது 18. அரசின் பரிவாகன் இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கும்போது, கார் வகையோடு நிறுத்திவிடாமல் லோடர், எக்ஸ்கவேட்டர் வகையையும் கேட்டு வாங்குங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகுதான் டெஸ்ட். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி மூன்று இடத்திலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. டெஸ்டுக்கு எந்த வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதை முன்னாலேயே கேட்டுக்கொண்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

செயின் வண்டி ரோட்டில் ஓடாது, லோபெட் என்கிற தாழ்வான டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். அதனால் லைசென்ஸே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி, ஓட்டியவருக்கு என்ன தகுதி என்பதுதான். கட்டுமான இயந்திரங்களுக்கான திறன் கவுன்சில், ஐ.இ.எஸ்.சி., பேக்ஹோ (நம் ஜேசிபி), எக்ஸ்கவேட்டர் (நம் ஹிட்டாச்சி) ஆபரேட்டர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. பெரிய ரோடு கம்பெனிகள் அதைக் கேட்கின்றன. கிரானைட் குவாரியில் வேலை என்றால் அது சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே தொழிற்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் முடித்து, மேனேஜர் எழுத்தில் அனுமதி கொடுத்த ஆள்தான் வண்டியில் உட்காரலாம்.

இன்னொரு காகிதம் உண்டு, அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஏரியிலோ பட்டா நிலத்திலோ மண் எடுக்கக் கூப்பிட்டால், அனுமதிச் சீட்டைக் கண்ணால் பாருங்கள். போனில் ஒரு போட்டோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால் வண்டியைப் பறிமுதல் செய்ய 1957-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதிகாரிகள் வரும்போது ஓனர் அங்கே இருப்பதில்லை. சீட்டில் இருப்பது நீங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், இரட்டை பேட்டா தருகிறேன் என்று வரும் அழைப்புகளில் பாதி இந்த வகைதான்.

லீவர்

இப்போதைய ஹிட்டாச்சிகளில் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. முறை. இடது லீவரை முன்னால் தள்ளினால் ஆர்ம் வெளியே, பின்னால் இழுத்தால் உள்ளே. இடது வலமாக அசைத்தால் வண்டி அந்தப் பக்கம் சுற்றும். வலது லீவரை முன்னால் தள்ளினால் பூம் இறங்கும், இழுத்தால் ஏறும்; இடப்பக்கம் அசைத்தால் பக்கெட் மடங்கும், வலப்பக்கம் கொட்டும். இன்னொரு முறையில் பூமும் ஆர்மும் கை மாறியிருக்கும். சில வண்டியில் முறையை மாற்றும் வால்வே உண்டு. ஆகவே புது வண்டியில் ஏறினால் பக்கெட்டைத் தரையிலிருந்து ஓரடி மட்டும் தூக்கி, சுற்றிலும் ஆளில்லாத இடத்தில் ஒவ்வோர் அசைவையும் மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். பத்து வருட அனுபவக்காரரும் இதைச் செய்வார்.

டிராவல் பெடலில் ஒரு பொறி இருக்கிறது. செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் உங்களுக்குப் பின்னால் இருக்கும்போது பெடலை முன்னே மிதித்தால் வண்டி முன்னே போகும். கேபினை அரைவட்டம் சுற்றிவிட்டால் அதே மிதியில் வண்டி பின்னே போகும். கிணற்று மேட்டிலும் குவாரி விளிம்பிலும் வண்டி கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நகர்த்துமுன் ஸ்பிராக்கெட் எந்தப் பக்கம் என்று தலையை நீட்டிப் பார்ப்பது அனிச்சையாக வர வேண்டும்.

ஜேசிபியில் பின் கையால் தோண்டும்போது ஸ்டெபிலைசர் (ஊன்றுகால்) இரண்டையும் இறக்கிப் பின் டயர் தரையை விட்டு லேசாக எழும்ப வேண்டும், லோடர் பக்கெட் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். சரிவில் நின்றால் மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டுங்கள். பள்ளப் பக்கம் நிறைபக்கெட்டோடு சுற்றினால் அந்தப் பக்க ஸ்டெபிலைசர் புதையும். ரோட்டுக்கு ஏறுமுன் பூம் லாக், ஸ்விங் (பக்கவாட்டில் சுற்றும் அசைவு) லாக் போட்டு, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொண்டி மாட்டுங்கள். அதை மறந்து ஒற்றைப் பெடலை மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி குறுக்கே திரும்பிவிடும். தொப்பூர் இறக்கம் போன்ற இடத்தில் நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

தோண்டுவது

ஆர்ம் நேராகத் தொங்கும் நிலையிலிருந்து வெளியே சுமார் 45 டிகிரி, உள்ளே சுமார் 30 டிகிரி. இந்த வீச்சுக்குள்தான் சிலிண்டருக்கு முழு பலம். அதற்கு வெளியே டீசல் எரியும், மண் வராது. பல்லை மண்ணுக்குள் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாக நுழைத்து, ஒரே ஆழமாகச் சீவி, பக்கெட் நிறையும்போதே மடக்கிக்கொண்டே பூமைத் தூக்குங்கள். சிலிண்டரைக் கடைசி முனைவரை அடிக்கவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்லது.

குண்டுக்கல் தட்டுப்பட்டால் பக்கெட்டின் பக்கத் தகட்டால் ஸ்விங் போட்டு இடித்து நகர்த்தும் ஆசை வரும். அதில் அடி வாங்குவது கல் அல்ல, ஸ்விங் மோட்டாரும் கியரும். கல்லைச் சுற்றி மூன்று பக்கமும் மண்ணை எடுத்து, அடியில் பல்லை விட்டு மடக்கினால் தானாக எழும்பும். எழும்பவில்லையென்றால் அது குண்டுக்கல் இல்லை, பாறையின் தலை. பிரேக்கரை (பக்கெட்டுக்குப் பதில் மாட்டும், பாறை உடைக்கும் உளிக் கருவி) கூப்பிட வேண்டும்.

தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை கொடுத்துத் தாங்க வேண்டும். செம்மண் காய்ந்திருக்கும்போது செங்கல் சுவர்போல நிற்கும்; ஒரு மழை பெய்தால் சொல்லாமல் சரியும். குழிக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது பக்கெட் அசையக் கூடாது. அவசரப்படுத்தும் மேஸ்திரிக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏரி தூர்வாரும் வேலையில் சேறுதான் எதிரி. மேலே வெடித்துக் காய்ந்த பொருக்கு, கீழே களி. இறங்குமுன் பக்கெட் முதுகால் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் ஊறினால் அங்கே போகாதீர்கள். உள்ளே போனால் நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்புங்கள். ஒரே இடத்தில் செயினைத் திருப்பினால் வண்டி தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.

பிரேக்கர்

இந்த இரண்டு மாவட்டத்தில் நல்ல சம்பளம் கேட்க வேண்டுமானால் பிரேக்கர் தெரிந்திருக்க வேண்டும். உளியைப் பாறையின் மேல் 90 டிகிரியில் நிறுத்தி, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும் அளவுக்குப் பூமால் அழுத்தம் கொடுத்துவிட்டுத்தான் பெடலை மிதிக்க வேண்டும். அழுத்தம் போதவில்லையென்றால் அடி பாறைக்குப் போகாமல் பிரேக்கர் கூட்டுக்கே திரும்பும். அழுத்தம் அதிகமானால் செயின் தூக்கி நிற்கும். பாறை பிளந்ததும் வண்டி தொப்பென்று விழும்.

நடுப்பாறையில் ஆரம்பிக்காதீர்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி வாருங்கள். உடைகிற துண்டு விழுவதற்கு ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். விரிசல் ரேகை இருந்தால் அதன் மேலேயே உளி. ஒரே புள்ளியில் 15, 20 நொடி அடித்தும் பிளக்கவில்லையா, இடம் மாற்றுங்கள். காதைக் கொடுங்கள்: பிளக்கப் போகும் கல்லில் சத்தம் மந்தமாக மாறும். மணி அடிப்பதுபோலக் கணீரென்றே இருந்தால், நீங்கள் பாறையை உடைக்கவில்லை, பொடி பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பொடி உளி முனையைச் சுற்றி மெத்தைபோல நின்று, சூடேறி, முனை நீலம் பாய்ந்து காளான்போல விரியும். உளியின் விலை ஓனருக்குத் தெரியும்.

கல் உடைந்த நொடியில் பெடலை விட வேண்டும். வெற்றடி அடித்தால் உளியைத் தாங்கும் பின்னும் நீள போல்ட்டுகளும் முறியும். உளியைக் கடப்பாரையாக்கி நெம்பக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். அதுவும் பிரேக்கரை நிமிர்த்தி உளியைத் தரையில் ஊன்றி, உள்ளே முழுக்கத் தள்ளிய நிலையில். தொங்கவிட்டு அடித்தால் கிரீஸ் உளிக்கு மேலே போய் நின்று, அடுத்த அடியில் சீலைக் கிழிக்கும். ஹோஸ் வழக்கத்துக்கு மேல் துடித்தால் பிரேக்கருக்குள் இருக்கும் நைட்ரஜன் கேஸ் குறைந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குவாரியில் வெடி வைத்த இடத்தில் பழைய துளையின் அடி தெரிந்தால் அதில் உளியை வைக்கவே கூடாது. வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கலாம். வெடி வைக்க லைசென்ஸ் உள்ளவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அங்கே கை. கேபின் கதவை மூடி ஓட்டுங்கள், ஹெல்பருக்கு மாஸ்க் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வரும் நோய்க்குத் திரும்பப் போகும் வழி கிடையாது.

லோடு கணக்கு

ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஹிட்டாச்சி பக்கெட்டில் மூன்று அள்ளு. அஸ்திவாரம் 30 அடி நீளம், 20 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் 2,400 கன அடி, 24 யூனிட். ஆனால் தோண்டிய மண் உப்பும். கால்பங்கு கூடும் என்று வைத்தால் டிப்பரில் 30 யூனிட் போகும். பாறை இன்னும் அதிகமாக உப்பும். இதைத் தெரியாத வீட்டுக்காரர் லோடு கணக்கில் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார். வேலை தொடங்குமுன் சொல்லிவிடுவது உத்தமம்.

டிப்பரின் பாடி உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள். ஸ்விங் 45 டிகிரிக்குள் முடிந்தால் நேரமும் டீசலும் மிச்சம். பக்கெட் டிப்பரின் பின்புறமாகத்தான் உள்ளே வர வேண்டும், டிரைவர் கேபினுக்கு மேலாக அல்ல. முதல் பக்கெட் மண்ணாக இருக்கட்டும்; அதன் மேல் கல் விழுந்தால் பாடி தகடு தாங்கும்.

மேலே கம்பி, கீழே குழாய்

வேலை தொடங்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சாதாரணக் கம்பங்களில் ஓடும் லைனுக்கு மூன்று மீட்டர், டவர் லைனுக்கு ஆறு மீட்டர் இடைவெளி குறைந்தது. பூமை முழுக்கத் தூக்கிய உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். முடியாதென்றால் மின் வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. கம்பி பட்டுவிட்டால் சீட்டை விட்டு இறங்காதீர்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலகுங்கள்.

கீழே இருப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய். 2013-இல் தண்ணீர் வந்ததிலிருந்து இரண்டு மாவட்டத்திலும் ரோட்டோரமெல்லாம் அது ஓடுகிறது. ஓரிடத்தில் உடைத்தால் பல ஊருக்குத் தண்ணீர் நிற்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓ.எஃப்.சி. எனும் கண்ணாடி இழை கேபிளும் உண்டு. ஊர் குழாய் ஆபரேட்டரையும் பஞ்சாயத்தையும் கேட்டு, சந்தேகமான இடத்தில் இரண்டு ஆள் விட்டுக் கடப்பாரையால் சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். தோண்டும்போது மணல் அல்லது வேறு நிற மண் வந்தால் அங்கே யாரோ முன்பே தோண்டி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கெட்டை நிறுத்திவிட்டு மண்வெட்டிக்கு மாறுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டோர வேலை என்றால் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். யானைக்கு ஹாரன் அடித்துப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

சம்பளமும் அடுத்த படியும்

மாதச் சம்பளம் தனி, நாள் பேட்டா தனி. சாப்பாடு, தங்குமிடம், வண்டி ரிப்பேரில் நிற்கும் நாளுக்கு பேட்டா உண்டா என்பதை முதலிலேயே பேசுங்கள். ஹவர் மீட்டரில் காலை 4312.4, மாலை 4320.1 என்றால் 7.7 மணி. அது 7 மணி 7 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம், ஆகவே 7 மணி 42 நிமிடம். இந்த ஒரு கணக்கில் தினமும் அரை மணிக்கு மேல் இழப்பவர்கள் உண்டு. லாக் ஷீட்டில் அன்றன்றே சைட் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நாள் சேர்த்து வாங்கலாம் என்று விட்டால் ஒரு நாள் காணாமல் போகும். வங்கிக் கணக்கு இருந்தால் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது, இரண்டு லட்சம் வரை. அதைப் போடாமல் வண்டியில் ஏறாதீர்கள்.

ஜேசிபியில் ஒன்றிரண்டு வருடம், பிறகு ஹிட்டாச்சி, பிறகு பிரேக்கர் அல்லது ரோடு சமன்செய்யும் கிரேடர் என்பது வழக்கமான வரிசை. வளைகுடா நாட்டு எண்ணம் இருந்தால் பத்தாம் வகுப்பை எப்படியாவது முடித்துவிடுங்கள். பத்தாவது இல்லாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை வரும், ஒவ்வொரு முறையும் கூடுதல் நடைமுறை. ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

பெரிய கம்பெனி டெஸ்டில் லெவலாகப் பள்ளம் எடுக்கச் சொல்வார்கள், டிப்பர் லோடு பண்ணச் சொல்வார்கள். ஆனால் பார்க்கிறவர் மார்க் போட ஆரம்பிப்பது அதற்கு முன்னாலேயே. சாவியை வாங்கியதும் நேராக ஏறி உட்கார்ந்தாரா, வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாரா, ஏறும்போது இரண்டு கை ஒரு கால் எப்போதும் பிடிமானத்தில் இருந்ததா, பெல்ட் போட்டாரா, அசைக்குமுன் ஹாரன் அடித்தாரா, இறங்கும்போது பக்கெட்டைத் தரையில் வைத்து, பாதுகாப்பு லீவரைப் பூட்டிவிட்டு இறங்கினாரா என்றெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார்.